47 சதவீதமும் ஒரு டப்பா கலர் பென்சிலும்



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்களும், கல்லூரியில் பாடம் நடத்துகிற என் பழைய மாணவர்களும் கடைசி வரை படித்தால் சந்தோஷப்படுவேன்.

என் தங்கை மகளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க பெரியம்மா, என் பேரு மட்டும் வேண்டாம்" என்றாள். சொந்தக்காரர்களுக்கு யாரென்று தெரியும். தெரிந்தவர்கள் கீழே பெயரைப் போட்டு வாழ்த்த வேண்டாம், மனதுக்குள் வாழ்த்தினால் போதும்.

பிள்ளை எம்.ஏ. பொருளாதாரம் படித்தாள். கடைசி வருடம் ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டும். நம்ம ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற பெண்களின் கூலி, வேலை நேரம், உடல்நிலை பற்றி எடுத்துக்கொண்டாள். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி எங்கெல்லாம் போகிறது என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை நெய்கிற கைகளைப் பற்றி எழுத ஒரு பிள்ளை கிளம்பினாள் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. நான்கு மாதம் பஸ்ஸிலும் நடையுமாகத் தெருத்தெருவாகப் போய் நாற்பது பெண்களிடம் கேட்டு எழுதினாள்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் அழுதுகொண்டே வந்தாள். கையில் கல்லூரியில் கொடுத்த ஒரு கட்டுத் தாள். அவளுடைய ஆய்வேட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து எடுத்த அறிக்கை. முதல் பக்கத்தில் பெரிதாக 47 சதவீதம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு, பச்சை, நீலம், ஊதா. ஓரத்தில் வழிகாட்டி மேடம் பேனாவால் எழுதியிருந்தது ஒரே வரி: பத்துக்குள் குறைத்துக்கொண்டு வா.

"பெரியம்மா, நான் திருடலை" என்றாள்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். என் காலத்தில் பார்த்து எழுதினால் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கண் போதும். இது வேறு சங்கதி. அதனால் நானும் உட்கார்ந்து படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2018-ம் வருடம் பல்கலைக்கழக மானியக்குழு, அதாவது யு.ஜி.சி., இதற்கென்றே ஒரு விதிமுறை கொண்டு வந்தது. முதுகலை ஆய்வேடு, முனைவர் பட்ட ஆய்வேடு, பேராசிரியர்கள் வெளியிடுகிற கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை கிடையாது. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடத்துக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து.

அவளுடையது 47. அப்படியே கொடுத்துப் புகார் ஆகியிருந்தால் ஒரு வருடம் போயிருக்கும்.

ஒரு வருடம்தானே என்று நினைக்காதீர்கள். அவள் அப்பாவுக்கு மில்லில் ஷிப்டு வேலை. எம்.ஏ. முடித்ததும் பி.எட். சேருவது என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். வீட்டில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் வரைக்கும்தான் படிப்பு, அதற்குள் முடித்தால் மேலே பார்க்கலாம், இல்லையென்றால் வருகிற ஜாதகத்தைப் பார்ப்பது என்று. நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வருடம் என்பது பல சமயம் ஒரு வருடம் இல்லை. அதோடு படிப்பே முடிந்துவிடும்.

மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு ப்ரௌசிங் சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பெர்சன்டேஜைக் குறைத்துத் தருகிறார்களாம். கூடப் படிக்கிற பாதிப்பேர் அங்கேதான் கொடுத்தார்களாம். எப்படிக் குறைப்பீர்கள் என்று கேட்டேன். அவர்கள் எழுதுவதில்லை. அதையும் ஒரு சாஃப்ட்வேரில்தான் போடுகிறார்கள். அது ஒவ்வொரு வார்த்தைக்கும் அதே அர்த்தம் வருகிற வேறு வார்த்தையைத் தேடி மாற்றி வைத்துவிடும். இயந்திரம் ஏமாந்துவிடும்.

இந்தக் கூத்து நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2021-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் சிலர் கூட்டாளிகளோடு சேர்ந்து, அச்சாகி வெளிவந்த அறிவியல் கட்டுரைகளில் இப்படி மாற்றிய சொற்களை வேட்டையாடிப் பட்டியல் போட்டார்கள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ் என்று இருந்ததாம். தமிழில் சொன்னால், செயற்கை நுண்ணறிவு போய்க் கள்ள உணர்வு வந்துவிட்டது! அச்சுக்குப் போகும் வரை பெரிய படிப்புப் படித்த எவர் கண்ணிலும் அது படவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பத்துக்குள் குறை என்று மட்டும் சொன்னால் பிள்ளை குறைப்பதற்குத்தான் கற்றுக்கொள்ளும். நேர்மையை எங்கே கற்றுக்கொள்ளும்?

காசு கொடுக்காதே, ஞாயிற்றுக்கிழமை வரை பொறு என்றேன். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன் ஒருவன் இப்போது ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ஊருக்கு அவர் பேராசிரியர், எனக்கு இன்னும் அவன்தான். போன் போட்டேன். "டீச்சர், அந்த அறிக்கையை அப்படியே வச்சிருங்க, நான் வர்றேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாவும் லேப்டாப்புமாக வந்து இறங்கினான்.

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு வகுப்பு நடந்தது. நாற்பது வருடம் பாடம் நடத்தியவள் அன்று பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

முதலில் அவன் சொன்னது: "இந்த மெஷினுக்குத் திருட்டுன்னா என்னன்னே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒத்துமை மட்டும்தான்." நாம் கொடுக்கிற எழுத்தை அது சின்னச் சின்னத் துண்டாக நறுக்குகிறது. இணையத்தில் இருப்பது, ஆய்விதழ்கள், பழைய ஆய்வேடுகள் என்று தன்னிடம் சேர்த்து வைத்திருக்கிற எழுத்தோடு ஒவ்வொரு துண்டையும் ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் கலர் அடித்து, எதோடு ஒத்துப்போகிறது என்று ஓரத்தில் காட்டுகிறது. எல்லாவற்றையும் கூட்டி ஒரு சதவீதம் போடுகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. அது ஏன் ஒத்துப்போகிறது என்று பார்ப்பது மனுஷன் வேலை. விதிமுறையிலும் அப்படித்தான் இருக்கிறது. புகார் வந்தால் துறையில் ஒரு குழு, நிறுவனத்தில் ஒரு குழு விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் காட்டிய எண் மட்டும் தீர்ப்பு ஆகாது.

நம் நாட்டு ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இருக்கின்றன. குஜராத் காந்திநகரில் இருக்கிற இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துவது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். அதே மையம்தான் 2019-ல் சோத்சுத்தி என்ற திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சரிபார்க்கும் சாஃப்ட்வேரை வாங்கிக் கொடுத்தது. முதலில் உர்குண்ட், பின்னால் பெங்களூர்க்காரர்களின் டிரில்பிட். பார்த்து எழுதக் கிடைக்கிற புத்தகமும் பார்த்து எழுதியதைக் காட்டுகிற கண்ணாடியும் ஒரே வீட்டில் இருப்பது நல்லதுதான் என்று அவன் சொன்னான்.

பிறகு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கலராகக் கேட்டான். இது யார் எழுதியது? எங்கிருந்து எடுத்தாய்? ஏன் எடுத்தாய்? இதை நீயே உன் வாயால் சொல் பார்ப்போம்.

ஆய்வேட்டின் கடைசியில் இருக்கிற நூற்பட்டியல் முழுக்கச் சிவப்பு. ஒரு புத்தகத்தின் பெயரை எல்லோரும் ஒரே மாதிரித்தானே எழுத முடியும்? விதிமுறையிலேயே நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, முறையாகப் பெயர் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. பொதுவாக எல்லோரும் எழுதுகிற சொற்றொடர் தொடர்ந்து 14 வார்த்தை வரை ஒத்துப்போனாலும் கணக்கில் சேராது. அந்த விலக்கு எதையும் போடாமலேயே ஓட்டியிருக்கிறார்கள். அவன் ஒன்றொன்றாகக் கழித்தான். 47 என்பது 31 ஆனது.

பிள்ளைக்கு முகத்தில் கொஞ்சம் களை வந்தது. எனக்கும்தான்.

"இப்ப மீதி 31-க்கு வருவோம்" என்றான். அங்கேதான் விஷயம் இருந்தது.

இரண்டாம் அத்தியாயம், இதற்கு முன்னால் யார் யார் என்ன ஆராய்ச்சி செய்தார்கள் என்று சொல்கிற பகுதி. பத்துப் பக்கமும் வேறொரு மாநிலத்து ஆய்வேட்டிலிருந்து அப்படியே வந்திருந்தது. வந்த வேகத்தில் ஒரு வாக்கியமும் கூட வந்திருந்தது: ஏழாம் அத்தியாயத்தில் விளக்கப்பட்டுள்ளபடி. இவளுடைய ஆய்வேட்டில் மொத்தமே ஐந்து அத்தியாயம்தான்.

"இந்த ஏழாம் அத்தியாயம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டான். குரலை உயர்த்தவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் திருடவில்லை என்று சொன்ன பிள்ளை பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அது திருட்டு என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்தவர் இரண்டு மூன்று வருடம் உட்கார்ந்து படித்துத் தொகுத்ததை இவள் தன் பெயரில் கொடுத்திருக்கிறாள் என்பதும் உண்மை. இரண்டும் உண்மை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் கேட்டேன். "என் இங்கிலீஷ்ல எழுதினா சிரிப்பாங்க பெரியம்மா" என்றாள்.

அடுத்து நான்காம் அத்தியாயத்தைத் திறந்தான். சத்திரப்பட்டிப் பெண்கள் சொன்னது, கூலிக் கணக்கு, தறிச் சத்தத்தில் காது மந்தமாவது, பஞ்சுத் தூசியால் வருகிற இருமல், வேலை முடிந்து போய்த் தண்ணீர் பிடிக்கிற கதை. பக்கம் பக்கமாகத் திருப்பினான். கலரே இல்லை. வெள்ளை. ஏதோ ஓர் இடத்தில் ஒரு சட்டத்தின் பெயருக்கு மட்டும் ஒரு கீற்று மஞ்சள்.

"பாத்தியா? இது பூரா உன்னோடது. இந்த உலகத்துல இதுக்கு முன்னாடி யாரும் எழுதலைன்னு மெஷினே சர்ட்டிபிகேட் குடுக்குது" என்றான்.

அந்தப் பிள்ளை அந்த வெள்ளைப் பக்கங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அதில் இங்கிலீஷ் தப்புத்தப்பாகத்தான் இருந்தது. ஆனால் சொல்வதற்கு அவளிடம் விஷயம் இருந்த இடத்தில் கடன் வாங்கவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில்தான் வாங்கியிருந்தாள். 47 என்று பார்த்து அழுத அறிக்கையில் இதுவும்தான் இருந்தது. அதை யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு என்ன பழக்கம் கிடைக்கிறது? புத்தகத்தில் உள்ளபடியே எழுதினால் முழு மதிப்பெண். கட்டுரையை நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்து, காற்புள்ளி அரைப்புள்ளி மாறாமல் எழுதினால் பொதுத்தேர்வில் பாராட்டு. எங்கிருந்து எடுத்தாய் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. அதே பிள்ளை கல்லூரி வாசலை மிதித்ததும், அதே வேலைக்குத் திருட்டு என்று பெயர். இடையில் விதி மாறிவிட்டது. மாறியது என்று அவளிடம் உட்கார்ந்து யார் சொன்னது? முதன்முதலில் சொன்னது ஒரு மெஷின். அதுவும் கடைசி வருடத்தில், 47 என்று.

மனப்பாடத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்த்தவள் அப்படிச் சொல்வேனா? மார்கழி விடியலில் அந்த ஊர்ப் பிள்ளைகள் திருப்பாவை முப்பதையும் தலைகீழாக ஒப்பிப்பார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள். பாசுரம் தொடங்குவதற்கு முன்னால் தனியன் சொல்கிறோம். இந்தப் பாட்டைத் தந்தவள் யார் என்று அவளைப் போற்றிவிட்டுத்தான் அவள் பாட்டைத் தொடுகிறோம். கடைசிப் பாசுரத்தில் ஆண்டாளே தன் ஊரையும், தான் யார் மகள் என்பதையும், தன் பெயரையும் சொல்லி முடிக்கிறாள். ஆயிரம் வருடமாக எத்தனை கோடி வாய் அந்தப் பாட்டைச் சொல்லியிருக்கும்? ஒரு வாயாவது அது தன் பாட்டு என்று சொன்னதுண்டா? மனப்பாடம் குற்றமே இல்லை. பெயரை விழுங்குவதுதான் குற்றம்.

நன்னூலில் ஒரு நூலுக்குப் பாயிரம் எப்படி இருக்க வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. தமிழாசிரியர்களுக்குத் தெரியும். ஆக்கியவர் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்பது வழி. இந்த நூல் எந்த நூலின் வழியில் வந்தது என்று சொல்லியாக வேண்டும். முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று வகை பிரித்தார்கள். வழி நூல் எழுதுவது கேவலம் என்று சொல்லவில்லை. வழியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஏடு கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் எழுதி வைத்தார். அவர் பெருமை அதனால் ஓர் இம்மி குறைந்ததா? கூடியது. எங்கள் பிள்ளைக்கு இதைத்தான் சொன்னேன். பெயர் சொன்னால் நீ சின்னவளாகிவிடமாட்டாய், நம்பத் தகுந்தவளாகிவிடுவாய்.

பெயர் சொல்லாமல் விட்டவர்கள் கதையும் இருக்கிறது. ஜெர்மனியில் ராணுவ அமைச்சராக இருந்த குட்டன்பெர்க் என்பவர் 2011 மார்ச் மாதம் பதவியை விட்டு விலகினார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் அடுத்தவர் எழுத்து இருந்ததைப் பொதுமக்களே இணையத்தில் கூடி, பக்கம் பக்கமாக ஒப்பிட்டு வெளியே கொண்டுவந்தார்கள். பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நம் பிள்ளைகளுக்கு அமைச்சர் பதவி போகப்போவதில்லை. ஆனால் ஆய்வேடு என்பது பீரோவில் தூங்குகிற காகிதம் இல்லை. களஞ்சியத்தில் ஏறிவிட்டால் பத்து வருடம் கழித்தும் யாராவது திறந்து பார்ப்பார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் காட்டாதது நிறைய இருக்கிறது. இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் பெயர்த்து எழுதினால் பெரும்பாலும் தப்பிவிடும். இணையத்தில் ஏறாத பழைய அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்தால் அதற்குத் தெரியாது. தமிழ் ஆய்வேடுகளில் பல, யூனிகோடு வருவதற்கு முன்னால் பாமினி மாதிரியான எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கம்ப்யூட்டருக்கு உள்ளே அது வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குவியல். தமிழோடு தமிழை அது எப்படி ஒப்பிடும்? ஆக, நாலு சதவீதம் என்று வந்தால் நேர்மை என்றும் அர்த்தமில்லை. அந்த நாலு சதவீதமே ஆய்வின் முடிவுரையாக இருந்துவிட்டால்?

இப்போது ஏ.ஐ. வேறு வந்துவிட்டது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து கேட்டால் புதிதாக எழுதிக் கொடுத்துவிடுகிறது. எங்கும் இல்லாத வாக்கியம் என்பதால் ஒத்துமை சதவீதம் குறைவாகவே வரும். அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு சாஃப்ட்வேர் என்று 2023 ஏப்ரலில் டர்னிட்டின் நிறுவனம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், இதை நம்பி மாணவர்களைக் குற்றம் சொல்ல முடியாது என்று தங்கள் இடத்தில் அதை நிறுத்தி வைத்தது. சாட்ஜிபிடியைச் செய்த கம்பெனியே, கண்டுபிடிப்பதற்கென்று தான் வெளியிட்ட கருவியைச் சரியாக வேலை செய்யவில்லை என்று 2023 ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. இன்னொன்றும் உண்டு. அதே வருடம் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட கருவிகளைச் சோதித்தார்கள். இங்கிலீஷ் தாய்மொழி அல்லாதவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் மெஷின் எழுதியது என்று அவை காட்டின. எளிய வார்த்தையில், சின்ன வாக்கியமாக எழுதுகிற பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறது. யார் அந்தப் பிள்ளை? நம் சத்திரப்பட்டி, சேத்தூர், வத்திராயிருப்புப் பிள்ளைதான்.

அதனால் கல்லூரியில் இருக்கிற என் பிள்ளைகளே, உங்களிடம்தான் சொல்கிறேன். மெஷினை வாசலில் நிற்கிற போலீஸாக வைக்காதீர்கள். அதைக் கண்ணாடியாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சமர்ப்பித்த பிறகு ஓட்டுவதைவிட, முதல் வரைவிலேயே ஓட்டி, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கலருக்கும் யாருடையது, ஏன் எடுத்தாய் என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம்தான் பாடம். யு.ஜி.சி. விதிமுறையே தண்டனையை மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்களுக்கு இதைப் பற்றி எடுத்துச் சொல்லும் வகுப்பு நடத்த வேண்டும், பாடத்திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது. சதவீதப் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இந்தப் பகுதியை எத்தனை பேர் படித்தோம்?

அந்த விதிமுறையில் இன்னொரு வரியும் இருக்கிறது. அசைன்மென்ட், ப்ராஜெக்ட் அறிக்கை, பாடக் கட்டுரை, விடைத்தாள் இவையெல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வராது. சட்டம் அப்படி இருப்பதில் நியாயம் உண்டு, பதினெட்டு வயதுப் பிள்ளையின் அசைன்மென்ட்டுக்கு விசாரணைக் குழு வைக்க முடியாது. ஆனால் பழக்கம் பிடிப்பதே அந்த அசைன்மென்ட்டில்தான். சட்டம் கை வைக்காத இடத்தில் வாத்தியார்தான் கை வைக்க வேண்டும்.

என் மாணவன் என்ன செய்கிறான் தெரியுமா? இளங்கலைப் பிள்ளைகளுக்குச் சோதித்துப் பார்க்க அவன் கல்லூரியில் சாஃப்ட்வேர் கிடையாது. அதனால் முதல் பருவத்தில் ஒரு டப்பா கலர் பென்சில் வாங்கி வகுப்பில் வைக்கிறான். அசைன்மென்ட் எழுதி வந்த பிள்ளையே தன் தாளுக்குக் கலர் அடிக்க வேண்டும். புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தது சிவப்பு. நெட்டில் எடுத்தது பச்சை. ஏ.ஐ.யிடம் கேட்டது நீலம். படித்துப் புரிந்துகொண்டு தன் வார்த்தையில் எழுதியது மஞ்சள். தானே யோசித்தது வெள்ளை. இதற்கு மதிப்பெண் கிடையாது, திட்டும் கிடையாது. ஒரே நிபந்தனை, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் நான்குக்கும் பக்கத்தில் எங்கிருந்து என்று எழுத வேண்டும். முதல் தாளில் வகுப்பே ஹோலி கொண்டாடிய மாதிரி இருக்குமாம். மூன்றாவது தாளில் பிள்ளைகளே வெள்ளையை எண்ண ஆரம்பித்துவிடுவார்களாம். "சார், எனக்கு இன்னிக்கு எட்டு வரி வெள்ளை."

கலர் பென்சில் யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "நீங்க நிலப்படத்துல ஆறு, மலை, ஊருன்னு கலர் அடிக்க வைப்பீங்களே டீச்சர், அதுதான். உங்க பேரைச் சொல்லித்தான் வகுப்புல ஆரம்பிப்பேன்" என்றான். வாய்ப்பேச்சிலேயே வழியைச் சொல்லிவிட்டான் பாருங்கள்.

பள்ளியில் இருக்கிற ஆசிரியர்கள் இதை ஆறாம் வகுப்பிலேயே செய்யலாம். பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். கட்டுரைக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: இதை நான் இன்ன புத்தகத்தில் படித்தேன், இதை எங்கள் தாத்தா சொன்னார். தாத்தா பெயரை எழுதப் பழகிய பிள்ளை நாளைக்கு எந்த ஆராய்ச்சியாளர் பெயரையும் விழுங்காது.

எங்கள் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அந்த இரண்டாம் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள். நான்கு வாரம் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். அந்தப் பத்துப் பக்கத்தில் பெயர் வந்த ஆராய்ச்சிகளில் கிடைத்ததையெல்லாம் தேடி எடுத்துத் தானே படித்தாள். படித்ததை மூடி வைத்துவிட்டு எனக்குத் தமிழில் கதை மாதிரி சொல்ல வேண்டும். எனக்குப் புரிந்தால்தான் இங்கிலீஷில் எழுதலாம். எனக்குப் பொருளாதாரம் தெரியாதது அந்த விதத்தில் வசதியாகப் போயிற்று, புரியும் வரை விடவில்லை. பத்துப் பக்கம் ஆறு பக்கமாகச் சுருங்கியது. சின்னச் சின்ன வாக்கியம்தான். ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னது என்று எழுதியிருந்தாள். மறுபடி ஓட்டிப் பார்த்ததில் 8 என்று வந்தது. ப்ரௌசிங் சென்டரில் கொடுத்திருந்தாலும் 8 வந்திருக்கும். அந்த எட்டுக்கும் இந்த எட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மெஷினும் காட்டாது.

வாய்மொழித் தேர்வில், மற்ற ஆய்வுகளிலிருந்து உன்னுடையது எதில் வேறுபடுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். நான்கு வாரம் என்னிடம் கதை சொன்னவளுக்கு அது ஒரு கேள்வியா? மடமடவென்று சொல்லியிருக்கிறாள். தேர்வு முடிந்து ஜூனில் பி.எட். விண்ணப்பம் போட்டுவிட்டாள். ஜாதகம் பீரோவில் இருக்கிறது, அவசரமில்லை என்று அவள் அப்பாவே சொல்லிவிட்டார். நாளைக்கு அவளும் ஒரு டீச்சராக வகுப்பில் போய் நிற்பாள். அவளிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு விதி மாறியது என்று யாரும் திடீரென்று சொல்ல வேண்டியிருக்காது.

உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ இப்படி ஏதாவது செய்து பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் உதவும். இந்தப் பதிவைப் பகிர்வதாக இருந்தால் தாராளமாகப் பகிருங்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று மட்டும் மறக்காமல் போட்டுவிடுங்கள். சதவீதம் பார்க்கமாட்டேன், பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்